யார்டுக்குள் கால் வைக்கும் முன்

கண்ணு, மின்சாரம் எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் நம் ஊர்ப் பிள்ளைகள் மேட்டூர், நெய்வேலி, கூடங்குளம் என்று கடகடவெனச் சொல்லிவிடுவார்கள். கரண்ட் போனால் யாரைத் திட்டவேண்டும் என்பதும் பெரியவர்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே, ஊருக்கு வெளியே, கம்பி வேலிக்குள் ஜல்லி கொட்டி, இரும்புச் சட்டங்களும் பீங்கான் தூண்களுமாக நிற்கிற யார்டைப் பற்றித்தான் யாருக்கும் ஒன்றும் தெரியாது. உனக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. பாடத்தைப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லாமல் விடுவதை நான் எழுதித் தருகிறேன். எண் போட்டிருப்பது நீ விட்ட இடத்திலிருந்து படிக்க வசதியாக இருக்கட்டும் என்பதற்காக, முக்கியத்துவப்படி அடுக்கவில்லை.

1. நீ நிற்கும் இடம் எது என்று தெரிந்துகொள். துணை மின் நிலையம் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 400 கே.வி.யை 230 ஆக்கும், 230ஐ 110 ஆக்கும். (பெரும்பாலான மாநிலங்களில் 220, நம் மாநிலத்தில் 230. போகப் போகப் பழகிவிடும்.) நீ போகிற சுவிட்சிங் ஸ்டேஷனில் டிரான்ஸ்ஃபார்மர்கூடக் கிடையாது. ஒரே அழுத்தத்தில் நாலைந்து லைன்கள் வந்து சேரும், அதே அழுத்தத்தில் நாலைந்து லைன்கள் கிளம்பிப் போகும். நடுவே லைன்கள் வந்து கூடுகிற பஸ்பார், பிரேக்கர், ஐசொலேட்டர், அளக்கிற கருவிகள், காவல் காக்கிற ரிலேக்கள். ஒரு யூனிட் மின்சாரம்கூட அங்கே பிறப்பதில்லை. வாய்க்கால் மதகும் தண்ணீரை உண்டாக்குவதில்லை. ஆனால் கரை உடைந்த அன்று ஊரே மதகை நோக்கித்தான் ஓடுகிறது. முன்னூறு கிலோமீட்டர் லைன் ஒரே துண்டாக இருந்தால், அதில் எங்கே ஒரு மரக்கிளை நெருங்கினாலும் மொத்த லைனும் போய்விடும். நடுவில் உன் நிலையம் இருந்தால் பழுதான பாதி மட்டும் விழும். மறு பாதி வேறு வழியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆடிக் காற்றில் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் சுழலும்போது தெற்கிலிருந்து மின்சாரம் திரண்டு வடக்கே வரும். காற்று ஓய்ந்த மாதங்களில் கதை வேறு. இன்றைக்கு எந்தப் பாதை, நாளைக்கு எந்தப் பாதை என்று திருப்பிவிடுகிற இடம் உன்னுடையது. சுருக்கமாகச் சொன்னால் உன் தொழில் வெட்டுவது. வெட்ட வேண்டியதை நேரத்தில் வெட்ட ஆள் இருப்பதால்தான் மீதியெல்லாம் சேர்ந்து நிற்கிறது.

2. வரிசை தவறாதே. திறக்கும்போது முதலில் பிரேக்கர், பிறகு ஐசொலேட்டர், கடைசியாக, லைனைப் பூமியோடு இணைக்கிற எர்த் ஸ்விட்சை மூடுவது. திரும்பச் சேர்க்கும்போது எர்த் ஸ்விட்சை எடுத்துவிட்டு ஐசொலேட்டர், அதன்பின் பிரேக்கர். பிரேக்கருக்குள் வாயு நிரம்பிய அறை இருக்கிறது. தொடுமுனைகள் பிரியும்போது எழுகிற ஆர்க்கை அது அணைத்துவிடும். ஐசொலேட்டர் வெட்டவெளியில் திறப்பது. லோடு ஓடும்போது அதைத் திறந்தால் ஆர்க் அணையாது. இடைவெளி நீள நீள நெருப்பும் நீளும், பக்கத்து ஃபேஸுக்கும் தாவும். தவறான வரிசையில் இயக்க முடியாதபடி இன்டர்லாக் வைத்திருக்கிறார்கள். அது இல்லை என்று நினைத்துக்கொண்டே வேலை செய். நான் சேர்ந்த காலத்தில் ஒரு மூத்த ஆபரேட்டர் இருந்தார். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஐசொலேட்டர் கைப்பிடியைத் தொடுமுன் அதன் எண் பலகையை விரலால் தொட்டு, எண்ணை உரக்கப் படிப்பார். பிரேக்கர் திறந்திருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்து அதையும் உரக்கச் சொல்வார். பக்கத்தில் ஆளே இல்லாதபோதும் சொல்வார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஓய்வு பெறும்வரை அவர் கையால் ஒரு தவறான ஆபரேஷன் நடந்ததில்லை. சிரித்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கை போகும் முன் வாய் போகட்டும். வாய் போகும் முன் கண் போகட்டும்.

3. படத்தை மனத்தில் ஏற்று. கன்ட்ரோல் ரூம் சுவரில் சிங்கிள் லைன் டயகிராம் மாட்டியிருக்கும். முதல் மாதத்திலேயே அதைப் பார்க்காமல் வெள்ளைத்தாளில் வரையக் கற்றுக்கொள். எந்த லைன் எந்த பஸ்பாரில் இருக்கிறது, எந்த பிரேக்கர் பழுதுக்குப் போயிருக்கிறது, எல்லாவற்றோடும். 400 கே.வி. நிலையங்களில் ஒன்றரை பிரேக்கர் முறை வைத்திருப்பார்கள்: இரண்டு லைனுக்கு மூன்று பிரேக்கர். ஒரு பஸ்பார் முழுதாகவே போனாலும் லைன்கள் நிற்காது. காகிதத்தில் பார்த்தால் குழப்பும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார்டில் ஒரு நாள் நடந்தால் தெளிந்துவிடும்.

4. எல்.சி.யில் ஓர் உயிர் இருக்கிறது. லைன் கிளியர் என்ற அந்தத் தாளைக் கொடுக்கும்போது உன் கையெழுத்தை நம்பி ஒருவர் டவரில் ஏறுகிறார். எல்.சி. யார் வாங்கினாரோ அவர்தான் திருப்பித் தரவேண்டும். அவருடைய மேலதிகாரி ஆனாலும் சரி, மைத்துனன் ஆனாலும் சரி, வேறு ஆள் சொல்லி லைனைச் சார்ஜ் செய்யக் கூடாது, அதாவது மின்சாரத்தைத் திரும்ப விடக் கூடாது. ஒரு மாலை, பெயர் வேண்டாத ஒரு நிலையத்தில், போன் வந்தது. "வேலை முடிஞ்சுது சார், எல்லாரும் இறங்கியாச்சு, சார்ஜ் பண்ணுங்க." குரல் தெளிவாக இருந்தது, அவசரமாகவும் இருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் எங்களுக்கும் அவசரம். ஷிப்டில் இருந்த மூத்தவர் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க யாரு?" எல்.சி. வாங்கியவர் பெயரை அந்தக் குரல் சொல்லவில்லை. "அவரையே பேசச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அடுத்த டவரில் இரண்டு பேர் இன்னும் மேலே இருந்தார்கள். போனில் பேசியவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்த கூட்டம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. லைனை வெட்டிவிட்டால் அது செத்துவிட்டது என்று நினைக்காதே. பக்கத்தில் இணையாக ஓடுகிற இன்னொரு லைன், வெட்டிய கம்பியிலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு அழுத்தத்தைத் தூண்டும். சோதித்துப் பார், இரு பக்கமும் எர்த் போடு, திறந்த இடைவெளியைக் கண்ணால் பார். கன்ட்ரோல் ரூம் திரையில் பச்சை விளக்கு எரிவது பார்த்ததாகாது.

5. லைன் டிரிப் ஆனவுடன் திரும்பப் போடத் துடிக்காதே. இந்த ஒன்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. 400 கே.வி. லைனில் பழுது வந்தால் ரிலே அதைக் கண்டு, பிரேக்கர் அதை வெட்டி முடிக்க நம் நாட்டு விதிப்படி உள்ள நேரம் 100 மில்லி செகண்டு. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. நீ தலையைத் திருப்பும் முன் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். மேல்நிலைக் கம்பிகளில் வருகிற பழுதுகளில் பெரும்பாலானவை மின்னல், பறவை என்று வந்த வேகத்தில் போகிறவை. அதனால்தான் கணநேரத்தில் தானாகவே மறுபடி இணைத்துப் பார்க்கும் ஆட்டோ ரீகுளோஸ் வைத்திருக்கிறார்கள். அதுவும் தோற்று பிரேக்கர் திறந்தே நிற்கிறதென்றால் லைன் ஏதோ சொல்கிறது என்று பொருள். ரிலே என்ன காட்டுகிறது, எந்த ஃபேஸ், எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று முதலில் எழுது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள நிலையத்துக்கு நாளை நீ மாறிப்போனால் இன்னும் கவனம்: உள்ளே பழுது என்று சொல்கிற டிஃபரென்ஷியலிலோ புக்ஹோல்ஸ் ரிலேயிலோ விழுந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்காமல் மறுபடி சார்ஜ் செய்வது மன்னிக்க முடியாத காரியம். மேலிருந்து போன் வரும். "ஏன் இன்னும் போடல?" என்று குரல் உயரும். அந்த நேரத்தில் உன் குரல் உயரக் கூடாது, கையும் நடுங்கக் கூடாது. "பார்த்துக்கொண்டிருக்கிறேன் சார், பார்த்ததும் சொல்கிறேன்" என்பது முழுமையான பதில்.

ரிலேயும் தப்பாகப் புரிந்துகொள்ளும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். 2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணி. பினாவிலிருந்து குவாலியர் போகும் 400 கே.வி. லைன் டிரிப் ஆனது. அந்த லைனில் பழுது எதுவும் இல்லை. சுற்றியிருந்த பல லைன்கள் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தன, சில மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன. எல்லாச் சுமையும் அந்த ஒன்றின் தலையில் விழுந்தது. அவ்வளவு லோடைத் தொலைவில் உள்ள பழுது என்று எடுத்துக்கொண்டு, தூரத்தை அளக்கும் ரிலேயின் மூன்றாம் மண்டலம் வெட்டிவிட்டது. வட இந்தியா இருண்டது. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அதே லைன், அதே காரணம். இந்த முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிப் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நம் வீடுகளில் விளக்கு எரிந்தது. அதற்கு நம் கெட்டிக்காரத்தனம் காரணமல்ல. தென்னக கிரிட் அன்று மற்றவற்றோடு ஒத்த அதிர்வெண்ணில் இணைந்திருக்கவில்லை; நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாக மட்டுமே தொடர்பு இருந்தது. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாக 2013 டிசம்பர் 31 அன்று நாமும் சேர்ந்துவிட்டோம். இன்றைக்கு நாடு முழுவதும் ஒரே கிரிட், ஒரே 50 ஹெர்ட்ஸ். வடக்கே நடப்பது உன் மீட்டரில் தெரியும். உன் யார்டில் நடப்பதும் வடக்கே தெரியும்.

6. யாரும் போகாத அறைக்கு நீ போ. புதிதாக வருகிறவர்கள் யார்டைப் பார்த்து அசந்து நிற்பார்கள், கன்ட்ரோல் ரூம் திரை முன்னால் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பேட்டரி ரூமுக்குள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அமில வாடை அடிக்கும், பார்க்கவும் ஒன்றுமிருக்காது. ஆனால் அங்கிருந்து வருகிற 220 வோல்ட் டி.சி.தான் ரிலேவுக்கு உயிர். பிரேக்கருக்குத் திற என்ற கட்டளையைக் கொண்டு போவதும் அதுதான். டி.சி. போய்விட்டால் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பிரேக்கர் வெறும் இரும்பு. பழுது எரிந்துகொண்டேயிருக்கும், வெட்ட ஆள் இருக்காது. தொலைவில் உள்ள நிலையங்கள் உன்னையும் சேர்த்து வெட்டிக் கழித்தால்தான் உண்டு. செல்களின் அடர்த்தியை அளந்து எழுது, தண்ணீர் மட்டத்தைப் பார், டி.சி. எர்த் ஃபால்ட் அலாரம் வந்தால் "எப்பவும் வர்றதுதான்" என்று அமுக்கிவிடாதே. ஒரு நிலையத்தின் பொறுப்பாளர் எப்படிப்பட்டவர் என்று அறிய நான் அவர் மேஜையைப் பார்த்ததில்லை. பேட்டரி ரூம் தரையைப் பார்ப்பேன்.

7. லாக்புக்கில் உண்மையை எழுது, எழுதியதோடு நிற்காதே. மணிக்கு மணி ரீடிங் எடுக்கச் சொன்னால், நாலு மணி நேரத்து ரீடிங்கை ஒரே உட்காரலில் நிரப்புகிற வித்தையை உனக்கும் யாராவது சொல்லித் தருவார்கள். கற்றுக்கொள்ளாதே. பொய் ரீடிங்கில் பெரிய ஆபத்து, அது எப்போதும் சரியாக இருப்பதுதான். மெல்ல மெல்ல ஏறும் எண்ணெய்ச் சூடும், மெல்ல இறங்கும் வாயு அழுத்தமும் அதில் தெரியவே தெரியாது.

உண்மையை எழுதியும் பயனில்லாமல் போன கதை ஒன்று உண்டு. மேற்கு லண்டனில் நார்த் ஹைட் என்று ஒரு 275 கே.வி. நிலையம். 2025 மார்ச் 20 இரவு அங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தீப்பற்றியது. மறுநாள் ஹீத்ரூ விமான நிலையம் ஏறக்குறைய முழு நாளும் மூடிக் கிடந்தது. ஆயிரத்து முன்னூறுக்கும் மேற்பட்ட விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. விசாரணையில் வந்தது என்ன தெரியுமா? டிரான்ஸ்ஃபார்மருக்குள் கம்பி நுழைகிற புஷ்ஷிங்குக்குள் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம். அந்த ஈரம் 2018 ஜூலையில் எடுத்த எண்ணெய்ப் பரிசோதனையிலேயே தெரிந்திருக்கிறது. சோதித்தார்கள், எண்ணும் பதிவானது. செய்யவேண்டியதைச் செய்யவில்லை. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அந்த எண் தாளில் உட்கார்ந்திருந்தது. ஆகவே கண்ணு, குறையைப் பார்த்தால் எழுது, எழுதினால் யாரிடம் சொன்னாய் என்பதையும் எழுது, அடுத்த வாரம் மறுபடி கேள். தொந்தரவு பிடித்த ஆள் என்று பெயர் வாங்கினால் வாங்கிவிட்டுப் போ.

8. லோடு குறைந்த இரவிலும் விழித்திரு. சுமை ஏறினால்தான் ஆபத்து என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பார்கள். நீண்ட லைனில் லோடு குறைந்தால் கடைக்கோடியில் அழுத்தம் அனுப்புகிற முனையைவிட மேலே ஏறும். அதைத் தணிக்கத்தான் சுவிட்சிங் ஸ்டேஷன்களில் ரியாக்டர் வைக்கிறார்கள். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு நாடே ஒன்பது நிமிடம் விளக்கணைத்தது உனக்கு நினைவிருக்கும். 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குறைந்தது சுமார் 31,000. நீர்மின் நிலையங்களைச் சரசரவென்று இறக்கி, பிறகு அதே வேகத்தில் ஏற்றி, கிரிட்டைக் குலையாமல் காத்தார்கள். மொட்டைமாடியில் ஊரே அகல்விளக்குப் பிடித்து நின்றபோது நிலையங்களில் இருந்தவர்கள் மீட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அழுத்தம் கட்டுமீறி ஏறினால் என்னவாகும் என்பதை 2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் காட்டின. உயர் அழுத்தத்தால் உற்பத்தி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ள, இரு நாடுகளும் சில விநாடிகளில் இருண்டன.

9. பிரேக்கருக்குள் இருக்கும் எஸ்.எஃப்.6 வாயுவை அலட்சியமாக நினைக்காதே. நிறமில்லை, மணமில்லை, காற்றைப்போல் ஐந்து மடங்கு கனம். கசிந்தால் கேபிள் டிரெஞ்சிலும் பள்ளத்திலும் போய்த் தேங்கி, மூச்சுக்கான காற்றைத் தள்ளிவிடும். ஆர்க்கில் சிதைந்தபின் நச்சுப்பொருள்களும் சேர்ந்திருக்கும். வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல். அழுத்தம் குறைகிறதென்றால் வாயுவை நிரப்பிக்கொண்டே இருக்காதே, கசிவைத் தேடு.

10. யார்டுக்குள் உடம்பின் பழக்கத்தை மாற்று. மழை என்றாலும் குடை பிடிக்காதே. ஏணியையும் குழாயையும் நிமிர்த்திக்கொண்டு போகாதே. படுக்கை வாட்டில், இரண்டு பேராக, இடுப்புக்குக் கீழே கொண்டு போ. மேலே எதையும் சுட்டிக்காட்டக் கையிலுள்ள கம்பியை உயர்த்தாதே. காலடியில் கிடக்கும் ஜல்லி அழகுக்காகக் கொட்டியதல்ல. பழுது மின்னோட்டம் பூமிக்குள் இறங்கும்போது உன் இரு கால்களுக்கு இடையேகூட அழுத்த வித்தியாசம் வரும். ஜல்லிதான் உன்னை மண்ணிலிருந்து கொஞ்சம் பிரித்து வைக்கிறது. அதன்மேல் மண் மூடி, புல் முளைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். புல் பிடுங்கும் வேலையைத் தோட்ட வேலை என்று கேலி செய்கிறவன் யார்டைப் புரிந்துகொள்ளவில்லை. பாம்பும் உடும்பும் அணிலும் வரும். டிரெஞ்சு மூடிகளைச் சரியாக மூடிவை. கடலோரத்துக்கு மாற்றலானால் இன்சுலேட்டரில் உப்புப் படியும். பகலில் ஒன்றும் ஆகாது. விடியற்காலைப் பனி ஈரம் பட்டதும் பீங்கான்மேல் நெருப்பு ஓடும். முறைப்படி கழுவச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இரு.

11. புயல் நாளில் வீரம் காட்டாதே. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கெங்கிருந்தோ வந்த ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். ஊர்க்காரர்கள் சாலையை மறித்துக் கேள்வி கேட்டார்கள். அதே ஊர்க்காரர்கள் சோறும் போட்டார்கள். இருட்டில் குழந்தையோடு இருப்பவர்களுக்குக் கோபப்பட உரிமை உண்டு. அந்தக் கோபத்தை வாங்கிக்கொள். ஆனால் அது சொல்கிற வேகத்தில் ஒரு ஸ்விட்சைக்கூடத் தொடாதே. தாமதமாக வந்த கரண்டை ஊர் மறந்துவிடும்.

12. மனசு சரியில்லாவிட்டால் சொல்லிவிடு. வீட்டில் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், மூன்று இரவு தூக்கமில்லை. எதுவானாலும் ஷிப்டு தோழரிடம், "இன்று ஆபரேஷன் நீங்கள் செய்யுங்கள், நான் படித்துச் சரிபார்க்கிறேன்" என்று சொல்வதில் அவமானமில்லை. அப்படிச் சொல்கிறவரை நம்பி நான் எல்.சி. வாங்குவேன். தீபாவளி இரவிலும் பொங்கல் காலையிலும் நீ அங்கேதான் இருப்பாய். பெரும்பாலான இரவுகளில் ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றும் நடக்காத இரவுகளுக்குத்தான் உனக்குச் சம்பளம்.

13. கடைசியாக, நாளைக் காலையிலேயே செய்யவேண்டியது. ஷிப்டுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போ. முன்னவர் கையெழுத்துப் போட்டுக் கிளம்பும் முன் அவரையும் கூட்டிக்கொண்டு யார்டை ஒரு சுற்றுச் சுற்றி வா. எத்தனை எல்.சி. வெளியில் இருக்கிறது, எந்த எர்த் ஸ்விட்ச் மூடியிருக்கிறது, எந்த அலாரம் அடித்து அமுக்கப்பட்டிருக்கிறது என்று மூன்றையும் கேள். சொன்னதை லாக்புக்கோடு ஒப்பிட்டுப் பார். ஒத்துப்போனால் கையெழுத்துப் போடு. ஒத்துப்போகவில்லையென்றால், அவருக்குப் பஸ் போனாலும் பரவாயில்லை, விடாதே.